நிற்கிற விமானம், ஓடுகிற செலவு

இந்த வருடம் விமானச் செலவு விஷயத்தில் மனைவியிடம் ஒரு பொய்கூடச் சொல்வதில்லை என்று உறுதி எடுத்தேன். உறுதியைக் காப்பாற்றவும் செய்தேன். மாதக்கணக்கில் அந்த விஷயத்தில் வாயையே திறக்கவில்லை.

விமானம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். இரண்டு பேர் உட்காரலாம். மூச்சைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டால் கதவையும் மூடலாம். வயதில் எனக்கு அண்ணன். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஊரார் பார்வையையெல்லாம் சரிசெய்கிற உங்கள் பார்வை இதை வாங்கும்போது எங்கே போயிருந்தது என்று மனைவி அடிக்கடி கேட்பாள். ஆனால் வாங்கிய அன்று அவளால் ஒன்றும் கேட்க முடியவில்லை. காரணம், அதை அவள் பெயரில் பதிவு செய்து, மூக்கில் சிவப்பு ரிப்பன் கட்டி, பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிட்டேன். பரிசோடு யார் சண்டை போட முடியும்? என் வாழ்நாளின் மிகச் சிறந்த தந்திரம் அது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஓட்டுவது நான். பக்கத்து ஊரில் இறங்கி, ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பி வருவேன். அவ்வளவுதான் பயணம். ஆனால் வானம் தெளிவாக இருந்தால் எனக்குக் கால் தரையில் நிற்காது. மேகமாக இருந்தால், எப்போது தெளியும் என்று நிற்காது. காற்றடித்தால், விமானம் நிற்கிற கொட்டகையான ஹேங்கரின் கதவைப் பூட்டினோமா என்று நிற்காது. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போவேன். கடையில் ஒருவருக்கு எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிவிட்டு நான் வானத்தைப் படித்துக்கொண்டிருப்பேன்.

இப்போது வாயைத் திறந்தே ஆகவேண்டிய நிலைமை. ஆண்டுப் பரிசோதனை நெருங்கிவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை விமானத்தை நட்டு நட்டாகப் பிரித்துப் பார்த்து, மறுபடி பூட்டி, மெக்கானிக் கையெழுத்துப் போடவேண்டும். போடாவிட்டால் அது விமானம் இல்லை; இறக்கை முளைத்த அலமாரி. என் கையில் இருந்ததெல்லாம் கரைந்துவிட்டது. மிச்சம், சமையலறைக் கூரையைச் சரிசெய்ய அவள் சேர்த்து வைத்திருந்த பணம் ஒன்றுதான்.

மழை பெய்த மாலையில் பேச்சை எடுத்தது என் தவறு. கூரையிலிருந்து பாத்திரத்துக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

“உண்மையைச் சொல்லுங்க. அதுக்கு வருஷம் என்னதாங்க ஆகுது?”

“முதல்ல ஹேங்கர் வாடகை.”

“வாடகை எதுக்கு?”

“மழையில நனையக் கூடாதில்ல? தலைக்கு மேல ஒரு கூரை வேணாமா?”

அவள் நிமிர்ந்து எங்கள் கூரையைப் பார்த்தாள். பாத்திரம் ‘டொக்’ என்றது.

“சரி. அப்புறம்?”

“காப்பீடு.”

“எனக்கு இருக்கா?”

“உனக்கு எதுக்கும்மா? நீ என்ன வானத்துலயா பறக்கறே?”

“அப்புறம்?”

“சில்லறைச் செலவுதான். டயர், எண்ணெய், போல்ட்டு...”

“போல்ட்டு தெருமுனைக் கடையிலேயே கிடைக்குமே.”

“அது சாதா போல்ட்டு. இது சான்றிதழோட வரும்.”

“படிச்ச போல்ட்டா?”

“அதான் விலை பத்து மடங்கு.”

“நானும்தான் சான்றிதழ் வச்சிருக்கேன். எனக்கு யாரும் பத்து மடங்கு தரலையே.”

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பள்ளி முழுவதற்கும் கால அட்டவணை போடுகிறவளும் அவள்தான். இருப்பது ஒரு மைதானம், ஒரு ஆய்வுக்கூடம். அதில் எல்லா வகுப்பையும், ஒன்றோடொன்று இடிக்காமல் நுழைத்துவிடுவாள். இதை அன்று நான் கொஞ்சம் நினைவில் வைத்திருக்கலாம்.

“பெரிய செலவு பரிசோதனைதான்,” என்றேன் மென்று விழுங்கி. “மெக்கானிக் கூலி. அதுலயும் ஒரு வழி இருக்கு. கழட்டிப் பூட்டற வேலையை வீட்டு ஆளே செஞ்சா கூலி பாதிதான்.”

எந்த வீட்டு ஆள் என்று நான் யோசிக்கவில்லை. வாய் ஓடிக்கொண்டிருந்தது.

“இதெல்லாம் பறக்காம நிறுத்தி வச்சா குறையுமா?”

“குறையாது. பறந்தாலும் அதே வாடகை, நின்னாலும் அதே வாடகை. காப்பீடும் அப்படித்தான், பரிசோதனையும் அப்படித்தான்.”

அப்போதுதான் எனக்குள் மின்னல் அடித்தது. துள்ளி எழுந்தேன். கால் பட்டுப் பாத்திரம் உருண்டது.

“அதனால என்ன ஆகுது? நிறையப் பறந்தா, மணிக்கு இவ்வளவுங்கற செலவு குறைஞ்சுகிட்டே வருது! நான் வாரத்துக்கு ஒரு தடவை பறக்கறேன் பாரு, அதுதான் நஷ்டமே. தினம் பறந்தா நமக்கு எவ்வளவு மிச்சம்!”

அவள் தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“அப்ப சும்மா நிக்கறதுதான் நஷ்டம்?”

“சரியாச் சொன்னே!”

“எவ்வளவு அதிகமாப் பறக்குதோ அவ்வளவு நல்லது?”

“டீச்சர்னா டீச்சர்தான்!”

“யார் பறந்தாலும்?”

“விமானத்துக்கு ஆளா தெரியும்? அதுக்குத் தேவை பறக்கறதுதான்!”

“சரிங்க,” என்றாள். “பரிசோதனைக்கு நான் ஏற்பாடு பண்றேன்.”

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷம் ஒரு பக்கம், தினமும் பறக்கப்போகிற பரபரப்பு இன்னொரு பக்கம். கணக்கு டீச்சரையே கணக்கில் மடக்கிவிட்டேன்!

அடுத்த நாட்களில் அவள் யார் யாரிடமோ போனில் பேசினாள். நான் அறைக்குள் வந்தால் குரல் தணிந்தது. கூரைக் கொத்தனாரிடம் வேலையைத் தள்ளிப்போடப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பாவம் என்றுகூட இருந்தது.

சனிக்கிழமை விடிந்தது. கழுவித் துடைத்தாற்போல வானம். கடைப்பையனிடம் சாவியை எறிந்துவிட்டு ஓடினேன். ஹேங்கர் கதவைத் தள்ளினேன்.

உள்ளே விமானம் இல்லை. தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

மனைவிக்குப் போன் போட்டேன். “விமானம் திருடு போயிடுச்சும்மா!”

“திருடன் முன்பணம் கட்டிட்டுத்தாங்க எடுத்துட்டுப் போயிருக்கார்.”

“என்னது?”

“பல் டாக்டர். சனிக்கிழமை காலை அவருது. ஓட்ட லைசென்ஸ் வச்சுக்கிட்டு, விமானம் இல்லாம எத்தனை பேர் தவிக்கறாங்க தெரியுமா? ஆளுக்கு ஒரு பங்கு. காப்பீட்டுல அவங்க பேரெல்லாம் சேர்த்தாச்சு.”

“என்னைக் கேக்காம எப்படி?”

“பரிசு கொடுத்தவரை எதுக்குங்க தொந்தரவு பண்ணணும்?”

சிவப்பு ரிப்பன் என் கழுத்தைச் சுற்றுவதுபோல இருந்தது.

“சரி, ஞாயிற்றுக்கிழமையாவது...”

“அத்தானுக்குக் கொடுத்துட்டேன்.”

அவள் அத்தான் என்றால் என் சகலை. அவளுடைய அக்காவின் கணவர். நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டதும், மறு மாதமே போய்க் கற்றுக்கொண்டவர். என்னைவிட நன்றாகத் தரையிறக்குவார். அதை அவரே சொல்வார்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். சமையலறையில் கொத்தனார் கூரைமேல் நின்றுகொண்டிருந்ததால், கத்தலை மட்டும் கூடத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

“எல்லாரும் பறப்பாங்க, நான் மட்டும் அண்ணாந்து பார்க்கணுமா?”

“உங்களை விடுவேனா? அவங்களுக்கெல்லாம் துண்டு துண்டா, மணிக்கணக்குலதான். உங்களுக்கு அடுத்த மாசம் முழுசா மூணு வாரம் ஒதுக்கியிருக்கேன். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். குறுக்கே ஒருத்தரும் வரமாட்டாங்க.”

“மூணு வாரமா? அத்தானுக்குக்கூட இல்லையா?”

“அத்தான் கேட்டாலும் கிடையாது. அது உங்களுக்குத்தான்.”

கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். என்ன இருந்தாலும் கட்டிய மனைவி.

ஞாயிற்றுக்கிழமை என் விமானத்திலிருந்து இறங்கி வந்த சகலையிடம், வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னேன்.

“அடுத்த மாசம் மூணு வாரம் முழுக்க எனக்குத்தான், சகலை. நீங்க பக்கத்துலயே வர முடியாது.”

“வரவே மாட்டேன் சகலை. சத்தியமா வரமாட்டேன்,” என்றார். அவர் தோள் ஏன் குலுங்கியது என்று அப்போது புரியவில்லை. பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த மாதம் வரைக்கும் நான் இருந்த இருப்பு எதிரிக்கும் வரக்கூடாது. வரைபடத்தை விரிப்பேன், மடிப்பேன், மறுபடி விரிப்பேன். தலைக்கு மேல் என் இன்ஜின் சத்தம் கேட்கும்போதெல்லாம் கடை வாசலுக்கு ஓடுவேன். பொறு மனமே, உனக்கும் மூன்று வாரம் இருக்கிறது என்பேன்.

அந்த நாளும் வந்தது. கடைக்கு விடுமுறை விட்டேன். என் கடையிலேயே விலை உயர்ந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். மனைவி வாசல்வரை வந்து, பழைய சட்டை ஒன்றை மடித்துக் கையில் கொடுத்தாள்.

“இது எதுக்கும்மா?”

“இருக்கட்டுங்க.”

ஹேங்கரில் விமானம் இருந்தது. மூக்கு ஒரு பக்கம், இருக்கைகள் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம் இருந்தன. வயிற்றுப் பக்கத் தகடுகள் மட்டும் இன்னும் கழற்றப்படாமல், வரிசை வரிசையாகத் திருகாணிகளோடு மின்னின. மெக்கானிக் நாற்காலியில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, மரியாதையாக ஒரு ஸ்க்ரூ டிரைவரை நீட்டினார்.

“வாங்க சார். மூணு வாரப் பரிசோதனையில கழட்டிப் பூட்டற வேலைக்கு வீட்டு ஆளையே அனுப்பறேன், கூலியில பாதியைக் குறைச்சுக்கங்கன்னு ஓனரம்மா சொல்லிட்டாங்க.”