ரிக்‌ஷாவுக்காக அம்மாவைக் கொன்றேன்

பதினான்கு வயதில் நான் என் அம்மாவைக் கொன்றேன். காரணம் ஒரு ரிக்‌ஷா. போலீஸ் வரவில்லை. ஆனால் குடும்பத்தில் இன்றுவரை யாரும் என்னை மன்னித்ததாகத் தெரியவில்லை. மன்னித்திருந்தால் ஒவ்வொரு கல்யாணத்திலும் பந்தி முடிந்ததும் இந்தக் கதையை எடுப்பார்களா?

அப்போது முப்பதுகள். பினாங்கில் குவின் ஸ்திரீட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஜவுளி வியாபாரம். மாதம் ஒருமுறை வேட்டி சேலை மூட்டைகளோடு ஃபெர்ரி ஏறி அக்கரைக்குப் போவார். சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டங்களில் விற்றுவிட்டு நாலு நாள் கழித்துத் திரும்புவார். வரும்போது ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாய் கையில் இருக்கும். "கங்காணி சம்சாரம் கொடுத்தது" என்பார். அம்மா அதை விரலால் வழித்துத் தின்றுவிட்டு, "கைமணம் உள்ள பொம்பள" என்று மெச்சிக்கொள்வாள். (இந்த ஊறுகாயைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள்.)

நான் படித்த மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மிஸ் ஞானம் என்று ஒரு டீச்சர். மனக்கஷ்டம் உள்ள பெண்களை வெள்ளிக்கிழமை சாயங்காலம் தையல் அறையில் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். யாரும் கொடுத்த வேலை இல்லை, அவராக எடுத்துக்கொண்டது. கொக்கோவும் பிஸ்கட்டும் உண்டு. பிறகு அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய்ப் பெரியவர்களிடமும் பேசுவார். அவருக்கு ஒரே ஒரு விதி: பெண் சொன்னதைப் பெற்றவர்களிடம்கூட வெளியே விட மாட்டார்.

என் வகுப்பில் செல்வமணி என்று ஒருத்தி. அம்மா இறந்து, அப்பா மறுகல்யாணம் செய்த பிறகு பேச்சையே நிறுத்திவிட்டவள். மிஸ் ஞானம் அவளை வாராவாரம் கூப்பிடுவார். பேச்சு முடிந்ததும் தன் பக்கத்தில் ரிக்‌ஷாவில் உட்காரவைத்து, தன் குடையையும் அவள் தலைக்குப் பிடித்து, வீட்டில் கொண்டுபோய் விடுவார். நான் புத்தகங்களைச் சுமந்துகொண்டு நடந்து போவேன். எனக்கு வயிறு எரிந்தது. ஒருத்திக்குத் தாய் இல்லாமல் போனதைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பிறவி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எனக்கென்று ஒரு கஷ்டமும் இல்லையே என்பதுதான் அப்போது என் பெரிய கஷ்டம்.

ஒரு வெள்ளிக்கிழமை நானே தையல் அறைக்குள் போய் அழுதேன். (கண்ணுக்குக் கீழே தலைவலித் தைலம் தடவியிருந்தேன். அது தேவைக்கு மேலேயே வேலை செய்தது.)

"என்னம்மா பாக்கியம், சொல்லு."

"எங்கம்மா எனக்கு ஏழு வயசுலயே செத்துட்டாங்க மிஸ். இப்ப வீட்டுல இருக்கிறது சித்தி."

செல்வமணியின் துக்கத்தைத் திருடியதோடு நிற்கவில்லை, அதைப் பெருக்கியும் வைத்தேன். சித்தி என்னை மாடி உட்பட வீடு முழுவதும் கூட்டச் சொல்கிறாள் என்றேன். (மாடியில் வேறு குடும்பம் இருந்தது.) பழைய சோறுதான், தொட்டுக்கொள்ள ஒன்றும் கிடையாது என்றேன். மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வா, உன்னை வீட்டுல விடறேன்" என்று எழுந்தார். ரிக்‌ஷா வரப்போகிற சந்தோஷத்தில், அது எந்த வீட்டுக்குப் போகும் என்று நான் யோசிக்கவே இல்லை.

மார்க்கெட் ஸ்திரீட் முழுக்க மகாராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன். எங்கள் தெருமுனை திரும்பியபோதுதான் உறைத்தது.

டீச்சரைக் கண்டதும் அம்மா பதறி, நாற்காலி போட்டு, காப்பியும் வடையும் வைத்தாள். "சாப்பிடுங்கலா டீச்சர்!" நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மிஸ் எதையும் நேராகக் கேட்க மாட்டார். "நீங்க இந்த வீட்டுக்கு வந்து எத்தனை வருஷமாச்சும்மா?"

"பதினாறு வருஷம் ஆச்சு டீச்சர்."

மிஸ் மனசுக்குள் கணக்குப் போட்டார். மூத்த தாரம் போய் ஏழு வருஷம்தானே! அவர் முகம் வெளுத்தது. "அப்போ, மூத்தவங்க உயிரோட இருக்கும்போதேவா வந்தீங்க?"

"எந்த மூத்தவ?"

"ஐயோ, உங்ககிட்ட அவர் சொல்லவே இல்லையா?"

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"அதை நான் சொல்லக் கூடாதும்மா. தாயில்லாப் பிள்ளை, பாவம். நீங்கதான் அன்பாப் பார்த்துக்கணும்" என்று சொல்லி, பாதி வடையை அப்படியே வைத்துவிட்டு மிஸ் கிளம்பிவிட்டார்.

அம்மாவின் பார்வை அலமாரியில் இருந்த ஊறுகாய் ஜாடிக்குப் போனது. "இத்தனை வருஷமா அவ போட்ட ஊறுகாயையா நான் நக்கித் தின்னேன்?" ஜாடியைக் கையில் எடுத்தாள். "அவதான் செத்துட்டாளாமே, அப்போ போன மாசம் போட்டது யாரு? மூணாவது ஒருத்தியும் இருக்காளா?"

என்னைக் கூப்பிட்டாள். தன் பெண்ணே தன்னைக் கொன்றிருப்பாள் என்று எந்தத் தாய்க்குத்தான் தோன்றும்? "உன் பள்ளிக்கூடத்துல தாயில்லாப் பிள்ளை யாருடி?"

உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொன்னால் மிஸ்ஸும் போச்சு, ரிக்‌ஷாவும் போச்சு. "செல்வமணி" என்றேன்.

"அப்பா ஜாடை இருக்கா?"

"மூக்கு கொஞ்சம்..." என்று இழுத்தேன். (நரகத்தில் எனக்கு இடம் உறுதியானது அந்த மூக்கினால்தான்.)

இரண்டு நாள் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. டிரங்குப் பெட்டியை இறக்கிச் சேலைகளை அடுக்கினாள். "அந்த மனுசன் அக்கரையிலேருந்து வரட்டும். ஒரு வார்த்தை கேட்டுட்டு அடுத்த கப்பல்ல நாகப்பட்டணம் போயிடறேன்." அப்படியும் நான் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அம்மா வாசலில் நின்றாள். செல்வமணியின் கூந்தலைப் பிடித்து இழுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அம்மா அவள் மோவாயை நிமிர்த்தி மூக்கையே பார்த்தாள். பிறகு எண்ணெய் காணாத தலையைப் பார்த்தாள்.

"சாப்பிட்டியாம்மா?"

பல மாதமாக வகுப்பில் ஒரு வார்த்தை பேசாத செல்வமணி, "இல்ல" என்றாள்.

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பெரியவங்க பண்ணினதுக்குப் பிள்ளை என்ன செய்யும்?" என்றவள், "ரிக்‌ஷா! மாரி சினி!" என்று மலாயில் கைதட்டிக் கூப்பிட்டாள். செல்வமணியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இடம் இல்லடி. நீ நடந்து வா."

இரண்டு நாள் அழுகையும் டிரங்குப் பெட்டியும் செய்யாததை அந்த ஒரு வார்த்தை செய்தது. பள்ளிக்கூடமே கேட்கும்படி கத்தினேன். "அவ அப்பா பிள்ளை இல்லம்மா! நான்தான் நீ செத்துட்டதா மிஸ்கிட்ட சொன்னேன்! இருக்கிறது சித்தின்னு சொன்னேன்!"

வாசலில் நின்றிருந்த மிஸ் ஞானத்தின் குடை கீழே விழுந்தது.

"நான் செத்து எத்தனை வருஷமாச்சு?" என்று அம்மா அமைதியாகக் கேட்டாள்.

"ஏழு."

"எதுக்குடி கொன்னே?"

ரிக்‌ஷாவைக் காட்டினேன். அதைக் கண்டு செல்வமணி களுக்கென்று சிரித்துவிட்டாள். அம்மா அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அடிக்கவில்லை. "ஏறினது ஏறியாச்சு" என்று செல்வமணியோடு போய்விட்டாள். நான் பின்னாலேயே நடந்தேன்.

அன்று சாயங்காலம் அப்பா ஒன்றும் தெரியாமல் ஊறுகாய் ஜாடியோடு வந்தார். அம்மா வாசலை மறித்துக்கொண்டு, "அந்தக் கங்காணி சம்சாரத்துக்குப் பல்லு இருக்கா?" என்று கேட்டாள்.

"கிழவி அது. ஒண்ணுகூட இல்ல. ஏன்?"

"சரி, உள்ள வாங்க."

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் செல்வமணிக்கு எங்கள் வீட்டில்தான் எண்ணெய்க் குளியல். அவள் சித்தியும் சந்தோஷமாக அனுப்பிவைத்தாள். மீனில் நடுத்துண்டு அவள் தட்டுக்கு, வால் எனக்கு. நான் முறைத்தால், "செத்தவ பரிமாறும்போது இப்படி அப்படித்தான் இருக்கும்" என்பாள் அம்மா. காப்பி கேட்டாலும் அதே பதில்தான், தலைவாரிவிடச் சொன்னாலும் அதே பதில்தான்.

பல வருஷம் கழித்து அம்மா நிஜமாகவே படுக்கையில் விழுந்தாள். டாக்டர் தயங்கித் தயங்கி, எதற்கும் மனசைத் திடப்படுத்திக்கொள்ளச் சொன்னார். "எனக்குப் பழக்கம்தான் டாக்டர்" என்றாள் அம்மா. "ஏற்கெனவே ஒரு தடவை செத்திருக்கேன். சந்தேகம்னா இவளைக் கேளுங்க."

கட்டிலின் அந்தப் பக்கம் இருந்த செல்வமணி அழுதுகொண்டே சிரித்தாள். அம்மாவின் கை அவள் கைக்குள் இருந்தது. நான் இந்தப் பக்கம் நின்று அந்தக் கையையே பார்த்தேன். அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது.