ஈ மாஸ்டரின் உறக்கம்

ஈ பறந்தால் கையை வீசித் துரத்துவது மனித இயல்பு. ஈ பறந்தால் பாடம் நடத்தியவர் உலகத்திலேயே எங்கள் ஈ மாஸ்டர் ஒருவர்தான்.

எழுபதுகளின் கடைசியில், மகளுக்கு வீடு கட்டவென்று நைஜீரியாவுக்குப் படிப்பிக்கப் போனவர் அவர். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை; மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவார். சில வருஷத்தில் வீட்டுக்கான காசோடும் அங்குள்ள செற்சி ஈயின் கதையோடும் கல்முனைக்குத் திரும்பினார். வீடு எழும்பி முடிந்தது. கதை முடியவில்லை.

நானும் அவரும் ஒரே பள்ளிக்கூடம். நான் தமிழ், அவர் விஞ்ஞானம். கரும்பலகையில் அந்த ஈயைக் குருவி அளவுக்குக் கீறுவார். அது கடித்தால் இரத்தத்தில் இறங்கும் டிரிப்பனசோம் என்ற கிருமியை விலாங்கு மீன் போல நெளியவிடுவார். கிருமி மூளைக்குப் போனால் ஆள் பகலெல்லாம் உறங்கி உறங்கியே செத்துப்போவான் என்று முடிப்பார். மீன் சந்தையில் பாரை வெட்டுகிறவனின் கத்தியை நிறுத்திவைத்தும் இதே பாடம்தான்.

நோய் பிடித்தால் பிடரியில் நெறி கட்டுமாம். ஆகவே யார் கொட்டாவி விட்டாலும் மாஸ்டரின் விரல் அந்த ஆளின் பிடரிக்குப் போகும். ஜும்ஆ பிரசங்கத்தில் கண்ணயர்ந்த ஹாஜியார் ஒருவர், பிடரியில் விரல் ஊர்ந்ததும் உயிரெடுக்கும் மலக்கு வந்துவிட்டாரென்று சாகும்போது சொல்லும் கலிமாவைச் சத்தமாகவே சொல்லிவிட்டார்.

பிறகு ஒருநாள் மாஸ்டரே வகுப்பில் உறங்கினார். மறுநாளும் உறங்கினார். நோயை நடித்துக் காட்டுகிறாராக்கும் என்று பள்ளிக்கூடமே சிரித்தது. கொழும்பில் முதுகுத்தண்டில் நீரெடுத்துப் பார்த்தார்கள். அதே நோய்தான். நைஜீரியாவில் பட்ட கடி, வருஷக்கணக்காகப் பொறுத்திருந்து தலைகாட்டியிருக்கிறது. மருந்து வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், வரும்வரை வீட்டில் இருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

மகளின் கலியாணத்துக்கு நாள் குறித்திருந்த நேரம் அது. மாப்பிள்ளையின் வாப்பா கல்முனைக்குடியில் பலகை விற்கும் மரக்காலை முதலாளி. நாலு பேரோடு வந்து புது வீட்டு விறாந்தையில் அமர்ந்து, நோயுள்ள வீட்டுக்கு மகனை அனுப்ப ஏலாது என்றார். மாஸ்டர் இமைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டு விளக்கினார்: அந்த ஈ இந்த நாட்டில் இல்லை, அது இல்லாமல் நோய் பரவாது.

“ஈ கடிச்சாப் பரவும் எண்டு ஊரெல்லாம் சொன்னது நீங்கதானே மாஸ்டர்? உங்கிட ஊட்டுல ஈ இல்லயா?” என்று முதலாளி கேட்டார்.

வந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். பாடத்தில் பாதியை மட்டும் பிடித்துக்கொண்ட ஊரைவிட, ஒன்றுமே படிக்காத ஊர் எவ்வளவோ மேல். கடைசியில் அவர்களே ஒரு வழி சொன்னார்கள். மாஸ்டர் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. எனக்கு வந்த ஆத்திரம் இன்றும் ஆறவில்லை. அவரோ உடனே சம்மதித்துவிட்டார்.

நிக்காஹ்வில் வாப்பாதான் வாய் திறந்து மகளைக் கொடுக்கவேண்டும். மௌலவி கூப்பிட்டபோது மாஸ்டரின் தலை நெஞ்சில் கிடந்தது.

“சொல்லித் தாங்க மௌலவி, நான் முழிச்சித்தான் இரிக்கன்” என்றார், நிமிராமலே. ஒரு சொல் பிசகாமல் மகளைக் கொடுத்தார். சாப்பாட்டுக்கு அவரை இருக்கச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

நற்பிட்டிமுனையில் வயல் காவலுக்குப் போட்டிருந்த வாடிக் குடிசைக்கு மனைவியோடு போய்விட்டார். நான் பார்க்கப் போன அன்று மகள் சோறு கொண்டு வந்திருந்தாள்.

“ஊட்டுக்கு வாங்க வாப்பா. மாமாக்கிட்ட நான் கதைக்கன்” என்று அழுதாள்.

மாஸ்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “ஊடு ஒனக்குக் கட்டின, மகள். எனக்கு ஒறங்கத்தானே எடம் வேணும்? அது எங்கயும் இரிக்கி.”

மருந்து வந்துவிட்டதாகக் கொழும்பிலிருந்து செய்தி வந்தது, அவரை அடக்கிய பிறகு. ஜனாஸாத் தொழுகையில் மரக்காலை முதலாளி முன்வரிசையில் நின்றார்.

அந்த மனுசனோடு இன்னும் ஒரு பிளேன்டீ குடிக்க எனக்கு ஆசை. பாதியில் உறங்கிப்போனாலும் பரவாயில்லை. எழும்பும்வரை பக்கத்திலேயே இருப்பேன்.