ஜூன் பதினான்கு அல்ல, ஆகஸ்ட் முப்பது

ஹார்லன் ஃபால்ஸ், ஒஹாயோ
11 அக்டோபர் 1994

'பழைய சுவரொட்டி மடல்' ஆசிரியர், மதிப்பிற்குரிய திரு. தாடியஸ் விக்கர்ஷாம் அவர்கள் சமூகத்திற்கு, சந்தா எண் 212, எல்வுட் புரூசக், காஸ் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வுபெற்றவன், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி டோரீனும் நலம். தங்கள் முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்த சேதியைத் தலையங்கத்தில் படித்து இருவரும் மகிழ்ந்தோம். குளிர்காலம் முடியும்வரை மாடிப்படி பக்கம் போகவேண்டாம் என்று டோரீன் சொல்லச் சொன்னாள். நிற்க.

தங்கள் ஆகஸ்ட் இதழ், பதினேழாம் பக்கம், இடது பத்தியில், எங்கள் ஊர் மில்லர்ஸ் பேஸ்பால் அணியின் டஃபி க்ராலிக் மட்டையும் கையுமாக நிற்கும் அட்டைச் சுவரொட்டியைப் பற்றி இப்படிப் போட்டிருக்கிறீர்கள்: "வெளியான நாள் 14 ஜூன் 1958, சனிக்கிழமை. மைதானத்துக்கு நேரில் வந்த முதல் ஐந்நூறு பேருக்கு மட்டும் வழங்கப்பட்டது. இன்று இருப்பது மூன்றே பிரதிகள். அவற்றில் ஒன்று ஹார்லன் ஃபால்ஸ் திரு. எல்வுட் புரூசக்கிடம் உள்ளது." ஐயா, இது பெரும்பிழை. அந்தச் சுவரொட்டி வெளியான நாள் 30 ஆகஸ்ட் 1958. சரித்திரத்தின்மேல் உள்ள பற்றினால் மட்டுமே இதை எழுதுகிறேன், எனக்கு இதில் சொந்த லாபம் எதுவும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

சொந்த லாபம் இல்லை என்றேனே, ஒரு சின்ன விஷயம் மட்டும் இருக்கிறது. 1958 ஜூன் பதினான்காம் தேதி மதியம் இரண்டு மணிக்கு எனக்கும் டோரீனுக்கும் புனித ஹெட்விக் கோவிலில் கல்யாணம். மாப்பிள்ளை கோவிலுக்குள் நுழைந்தது மூன்றேகால் மணிக்கு. காரணம், செங்கல் சூளைப் பக்கத்து ரயில்வே கேட்டில் நூற்று நாற்பது பெட்டி வைத்த சரக்கு ரயில் குறுக்கே வந்து நின்றுவிட்டது. இதை நான் அன்றே, மெழுகுவத்தி சாட்சியாக, பெண்ணிடமும் பாதிரியாரிடமும் பெண்ணின் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். என் மாமனார் ரயில்வேயில் கேட் பார்த்தவர். "நூத்தி நாப்பது பெட்டியா மாப்ள?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் அதைப்பற்றி அவர் வாயே திறக்கவில்லை, ரொம்ப வெள்ளை மனசுக்காரர். டோரீனோ அந்த ரயிலை இன்றுவரை விட்டபாடில்லை. ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் விருந்தாளிகள் முன்னால் பியரோகிக் கொழுக்கட்டைத் தட்டை வைத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்வாள். வருஷா வருஷம் பெட்டியும் கூடிக்கொண்டே போகிறது, போன ஜூனில் இருநூற்றுப் பத்து.

சுவரொட்டியைப் பற்றி வீட்டில் நான் சொல்லியிருப்பது, 1960ல் கோவில் சந்தையில் ஒரு விதவை அம்மாவிடம் வாங்கினேன் என்று. அதுவரை இரண்டு வருஷம் அது என் கார் டிக்கியில் போர்வைக்கு அடியில் இருந்தது. தேனிலவுக்கு நயாகரா போனபோதும் டஃபி க்ராலிக் எங்களோடு வந்தான். இப்போது கீழறையில், நாற்பது வாட் பல்புக்கு அடியில், தனிச் சுவரில் தொங்குகிறது. அந்த அறைக்குள் இன்றுவரை ஒரு காபிக் கோப்பை நுழைந்ததில்லை. என் மச்சான் மில்ட் வந்தால்கூட கோப்பையை மூன்றாவது படியிலேயே வாங்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன். "ஏன் மாப்ள, டஃபிக்கு காபி ஆகாதா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான், ஒவ்வொரு தடவையும் அவனே சிரித்துக்கொள்வான்.

இந்த மில்ட்தான் பிரச்சினை. டோரீனின் அண்ணன், தங்கள் சந்தா எண் 340. பைபிளில் எழுத்துப்பிழை இருந்தாலும் இருக்கலாம், மடலில் இருக்காது என்று நம்புகிறவன். என் வீட்டுக்கு வந்த ஆகஸ்ட் இதழை நான் மடித்துத் தண்ணீர் ஹீட்டருக்குப் பின்னால் செருகிவிட்டேன், ஆனால் அவனுக்கும் ஒன்று வருமே, அதற்கு என்ன செய்வது? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டான். "ஏன் மாப்ள, நேர்ல வந்தவனுக்கு மட்டும்தான் குடுத்தாங்கன்னு போட்டிருக்கு, அந்த விதவையம்மா பேஸ்பால் பாக்கப் போச்சா?" என்றான். "ஏன், விதவைன்னா பேஸ்பால் பாக்கக்கூடாதா? உனக்கேன்டா இந்தப் புத்தி?" என்று நான் அவன்மேலேயே பாய்ந்தேன். அவன் பின்வாங்கினான், ஆனால் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே, "ஜூன் பதினாலு, ஜூன் பதினாலு... எங்கயோ கேட்ட தேதியா இருக்கேடா" என்றான். "கொடி நாள்டா, நாடு பூரா கொடி ஏத்துவாங்களே" என்றேன். "ஆமால்ல!" என்று உருளைக்கிழங்குக்குத் திரும்பிவிட்டான். கூடப்பிறந்த தங்கச்சியின் கல்யாணத் தேதி ஞாபகமில்லாத ஒரு அண்ணனை எனக்குக் கொடுத்த கடவுளுக்கு நன்றி. ஆனால் நன்றி சொல்லும் நாள் விருந்து நவம்பரில் வருகிறது, எங்கள் வீட்டில்தான். வான்கோழி முன்னால் உட்கார்ந்து அவன் மறுபடி யோசிக்க ஆரம்பித்தால் என் முப்பத்தாறு வருஷக் குடித்தனம் என்ன ஆவது?

ஆகையால் ஆராய்ச்சியில் இறங்கினேன். முதலில் பூதக்கண்ணாடி வைத்துச் சுவரொட்டியின் கீழ்மூலையைப் பார்த்தேன். அச்சகக்காரர்கள் சங்க முத்திரைக்குப் பக்கத்தில் எறும்பு மாதிரி '6-58' என்று இருந்தது. அது மெஷின் நம்பராக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்து, டஃபி க்ராலிக் எப்போதுவரை எங்கள் அணியில் ஆடினான் என்று விசாரித்தேன். ஜூலை மூன்றாம் தேதியே அவனை வேறு ஊர் அணிக்கு விற்றுவிட்டார்களாம். விற்றுவிட்டவன் படத்தை ஆகஸ்டில் யார் கொடுப்பார்கள் என்று தாங்கள் கேட்பீர்கள், பிரிவாற்றாமை என்று ஒன்று இருக்கிறதல்லவா? பிறகு ஊர் நூலகத்துக்குப் போய், பழைய செய்தித்தாள் பிலிம் சுருளைப் போட்டுச் சுற்றினேன், ஜூன் பதினைந்து ஞாயிறு இதழ் வந்தது. விளையாட்டுப் பக்கத்தில் நாலு பத்தி அகலத்துக்கு ஒரு படம், மைதான வாசலில் நிற்கும் வரிசை. வரிசையில் மூன்றாவதாக, கறுப்புக் கோட்டு, பொத்தானில் வெள்ளைப் பூ, கையில் வேர்க்கடலைப் பொட்டலம், வாயெல்லாம் பல். ஐயா, அப்போது எனக்குத் தலைநிறைய முடி இருந்தது.

நூலகத்து அம்மா திருமதி டாலிவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "அய்யோ பாவம், யாரு மிஸ்டர் புரூசக் இந்தப் பையன்? கல்யாணத்துக்குப் போறவன் மாதிரி இருக்கானே!"

"ஓட்டல் சர்வரா இருக்கும்மா" என்றேன்.

"மூக்கு உங்க மூக்கு மாதிரியே இருக்கு."

"அந்தக் காலத்துல எல்லாருக்கும் இந்த மூக்குதாம்மா" என்று சொல்லிச் சுருளை வேகமாகச் சுற்றிவிட்டேன்.

இவ்வளவு தூரம் வந்தபிறகு தங்களிடம் என்ன ஒளிவுமறைவு? போனேன் ஐயா. ஆட்டம் ஒரு மணிக்கு, கல்யாணம் இரண்டு மணிக்கு. வாசலிலேயே கொடுத்துவிடுவார்கள், வாங்கிக்கொண்டு பறந்துவிடலாம் என்பது என் கணக்கு. அந்தப் பாவிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? வாசலில் கொடுத்தது ஒரு தகர வில்லை. மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்தபிறகு கடலைக் கடைக்குப் பின்னால் வில்லையைக் கொடுத்துச் சுவரொட்டி வாங்கிக்கொள்ள வேண்டுமாம், இல்லாவிட்டால் ஜனம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுமாம்! எங்கள் ஊர் பந்துவீச்சாளனோ அன்று ஒரு பந்துகூட நேராகப் போடவில்லை. மூன்று இன்னிங்ஸ் முடியவே இரண்டேகால். சுவரொட்டியை வாங்கினேன், வாங்கிய கையோடு கிளம்பிவிட்டேன்.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன், தயவுசெய்து கவனமாகப் படிக்கவும். அதே செய்தித்தாளில் போட்டிருக்கிறது, நான்காவது இன்னிங்ஸில், மூன்று தளத்திலும் ஆள் நின்று, ஒரே அடியில் நாலு ஓட்டம் வரக்கூடிய நேரத்தில், கொட்டோ கொட்டென்று மழை கொட்டி ஆட்டம் கைவிடப்பட்டது. ஐந்து இன்னிங்ஸ் முடியாத ஆட்டம் ஆட்டமே அல்ல என்பது தங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அடித்தது அடித்ததல்ல, ஓடியது ஓடியதல்ல, எல்லாவற்றையும் ஏட்டிலிருந்து அழித்துவிடுவார்கள். டிக்கெட்டின் பாதியைக் காட்டினால் மறு ஆட்டத்தை இலவசமாகப் பார்க்கலாம். மறு ஆட்டம் ஆகஸ்ட் முப்பதாம் தேதி நடந்தது. அதற்கு டோரீனையே அழைத்துப் போனேன், என் டிக்கெட்டைக் கம்பெனியில் கொடுத்தார்கள் என்று சொல்லி. ஆகவே ஐயா, ஜூன் பதினான்கில் விதிப்படி ஆட்டமே நடக்கவில்லை. நடக்காத ஆட்டத்துக்கு ஒருவன் போயிருக்க முடியாது. யாருமே போகாத இடத்தில் ஒரு சுவரொட்டி எப்படி வெளியாகும்? அது வெளியான நாள் ஆகஸ்ட் முப்பதுதான். நவம்பர் இதழிலேயே, பெரிய எழுத்தில், திருத்தம் போட்டுவிடும்படி கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மில்ட் வாயடைப்பான், வான்கோழி நிம்மதியாக இறங்கும், ஒரு கிழவனின் குடும்பம் பிழைக்கும்.

தங்கள் முழங்காலும் மடலும் நூறாண்டு நிலைத்து ஓடவேண்டும் என்று ஆண்டவனை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் உண்மையுள்ள,
எல்வுட் புரூசக்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடவும். தபால் தலை எடுக்க எழுந்து போன நேரத்தில் கடிதம் சமையலறை மேசையில் இருந்துவிட்டது. திரும்பி வந்தால் டோரீன் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தில் இருக்கிறாள்.

"சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பாதைல வண்டியே கெடையாது. எங்கப்பா கேட் கீப்பர், அவருக்குத் தெரியாதா? அவர் எனக்கு அன்னிக்கே சொல்லிட்டாரு" என்றாள்.

"பின்ன இத்தனை வருஷமா அந்தக் கதையைச் சொன்னியே?"

"பெட்டியைக் கூட்டிக்கிட்டே போனா என்னிக்காவது வாயத் திறப்பேன்னு பாத்தேன். நீதான் கல்லு மாதிரி உக்காந்திருந்தியே!"

"கோபம் இல்லையா டோரீன்?"

"மேடைல நிக்கும்போது இருந்துச்சு. அப்புறம் உன் கோட்டைப் பாத்தேன். பையில கடலைத் தோலு, மைதானத்துலேருந்துதான் வர்றேன்னு தெரிஞ்சுது. வெளிய மழை கொட்டுது, உன் கோட்டுல ஒரு சொட்டு ஈரமில்ல. கோவில்ல கார் கூரைக்கு அடியிலயே வந்து நிக்கும், ஆனா மைதானத்துல கூரையும் கெடையாது, காரு அரை மைல் தள்ளி நிக்கணும். அப்போ மழைக்கு முன்னாடியே கெளம்பிட்டான்னுதானே அர்த்தம்? வாசல்ல கார் ரேடியோல ஆட்டத்தைக் கேட்டுக்கிட்டிருந்த எங்கப்பாவும் அதையேதான் சொன்னாரு. 'மூணு தளத்துலயும் ஆள் நிக்கும்போது ஆட்டத்தை விட்டுட்டு ஒரு பொண்ணுக்காக எழுந்து வந்தவன் இந்த ஊர்ல இவன் ஒருத்தன்தான், கட்டிக்கோ'ன்னாரு. கட்டிக்கிட்டேன்."

சொல்லிவிட்டு அவள் அழுதாள், நானும் அழுதேன். ஆகவே ஜூன் பதினான்கு என்று தாங்கள் போட்டதே சரி. திருத்தம் எதுவும் வேண்டாம். மில்ட்டுக்கு டோரீனே போன் போட்டுச் சொல்லிவிட்டாள். "கொடி நாள்னுல்ல சொன்னான் அந்தத் திருடன்!" என்று அவன் கத்தியது எனக்கே கேட்டது.

பின்குறிப்பின் பின்குறிப்பு: இதைத் தபால் ஆபீசில், சங்கிலி போட்ட பேனாவால், நின்றுகொண்டே எழுதுகிறேன். டோரீனுக்குத் தெரியாது. மார்ச் மாதம் நான் அனுப்பிய பிரதி விவரப் படிவத்தில், 'சேதம்' என்ற இடத்தில், "அட்டையின் பின்பக்கம் முழுக்க மழைநீர்க் கறை, முன்பக்கம் தலைப்பகுதிவரை ஊறியிருக்கிறது, இரண்டு ஓரங்களிலும் கட்டைவிரல் அளவு மடிப்பு" என்று ஒரு மடையன் உண்மையை எழுதியிருக்கிறான். மழை வரும்வரை நான் எழுந்திருக்கவில்லை ஐயா. மூன்று தளத்திலும் ஆள் நிற்கும்போது எவன் எழுவான்? ஆனால் எழுந்தபிறகு, கோட்டு நனையாமல் டஃபியைத் தலைக்குமேல் குடையாகப் பிடித்துக்கொண்டு, அந்த அரை மைலையும் ஓடியேதான் வந்தேன், அதில் பொய்யில்லை. டிசம்பர் இதழில் அந்த விவரத்தை வெளியிடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றிலிருந்து மடல் டோரீன் பெயருக்கு வரவேண்டுமாம், சந்தாவை மாற்றச் சொல்லியிருக்கிறாள். போதாக்குறைக்கு டஃபி க்ராலிக்கைக் கீழறையிலிருந்து எடுத்துவந்து, கூடத்தில் நல்ல வெளிச்சத்தில், எங்கள் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் இன்று சாயங்காலமே மாட்டவேண்டும் என்கிறாள். ஆகவே படிவத்தில் மழைநீரை அடித்துவிட்டுக் காபிக் கறை என்று போடவும். தாங்கள் பொய் எழுதியதாக ஆகாது. இப்போது நேரே வீட்டுக்குப் போய், அவள் மாட்டச் சொல்வதற்குள், ஒரு கோப்பை காபியோடு கீழறைக்கு இறங்கப் போகிறேன்.