வளவன் செருப்புக் கொட்டகையில் பொருத படலம்

வாழ்க வளவன்! செங்கம் சாலையில் வெள்ளைக்காரர்கள் இஞ்சி டீ குடிக்கும் கடையின் மாடியறையில், விசைப்பலகையே வில்லாக, விழித்த கண்ணே வேலாக வீற்றிருந்த வீரன். கணினியின் உயிர்நிலையாகிய கர்னலுக்குள்ளேயே கைவைக்கத் துணிந்த தீரன். துணிந்ததை டீ மாஸ்டர் முதல் தபால்காரர் வரை அனைவருக்கும் தானே எடுத்துரைத்த தன்னடக்கச் செம்மல்! அன்னவன் இரண்டாயிரத்து நான்காம் ஆண்டின் ஐப்பசிப் பௌர்ணமியன்று ஆற்றிய பெரும்போரைப் பாடப் புகுகிறோம். கேட்போர் சிரிப்பைச் சற்று அடக்கிக்கொள்க.

களம், அடி அண்ணாமலை. அங்கே வேன்களை நிறுத்திவிட்டு மலைசுற்றப் புறப்படும் பக்தர்களின் செருப்புகளைக் காத்து நின்றது வேடியப்பனின் கொட்டகை. அதற்கு டோக்கன் அச்சடிக்கும் இயந்திரம் ஒன்றைச் சமைத்திருந்தான் நம் வளவன். ஒரு கணினி, வயரில் தொங்கும் ஒரு குட்டிப் பிரிண்டர், இரண்டுக்கும் நடுவே துபாஷியாக அவனே எழுதிய டிரைவர். அவ்வளவுதான் தேரும் படையும்.

பணயமோ பெரிது. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி, வைத்திருந்த தாய்மாமன் சுப்பிரமணி முன்னமே ஆணையிட்டிருந்தார்: “இந்தப் பௌர்ணமிக்கு உன் மெஷின் ஓடுச்சுன்னா நான் உன் வழிக்கே வர்ல மாப்ள. ஓடலன்னா திங்கக்கெழம மண்டிக்கு வந்துரு.” மண்டி என்றாலே வளவனுக்குத் தும்மல் வரும். அந்தப் புழுதிக்கும் சாக்குக்கும் தப்பிக்கத்தான் அவன் இன்ஜினியரிங்கே படித்தான். வெளியே மார்தட்டினாலும் உள்ளே உதறலெடுத்துக் கிடந்தான்.

இனி, மாவீரனின் இரு பெருமைகள் கேளீர். முதலாவது, சிக்கனம். கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிப்பவர்களை முகூர்த்தம் முடிந்ததும் அனுப்பிவிடுகிறோம் அல்லவா? அதுபோல, கணினி கண்விழிக்கும்போது மட்டும் தேவைப்படும் கட்டளைகளுக்கு ‘இனிட்’ என்றொரு முத்திரையிட்டால், விழித்தெழுந்த கர்னல் அவற்றைத் துடைத்தெறிந்து நினைவகத்தை மிச்சம் பிடிக்கும். இந்த வித்தையைக் கற்ற வளவன், கண்ணில் பட்ட கட்டளைக்கெல்லாம் முத்திரை குத்தி, மிச்சம் பிடித்ததை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். இரண்டாவது, பக்தி. எல்லா வயரையும் செருகி, பெட்டிக்கு விபூதிப் பட்டையிட்டு, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிய பிறகே ஸ்விட்சைத் தொடுவான். ஓடுகிற கணினியில் வயரைச் செருகிப் பார்ப்பதோ, அவனுக்குத் தீபாராதனைக்குப் பிறகு விளக்கேற்றுவது மாதிரி. ஆகவே ஒருநாளும் அதைச் செய்து பார்த்தானில்லை.

மாலை வந்தது. மக்கள் வந்தனர். ஏரி உடைத்த வெள்ளமெனச் செருப்புகள் வந்தன. பிரிண்டர் கிறீச்சிட்டு டோக்கன் பொழிய, வளவன் கைகட்டி நின்று புன்னகைத்தான். அப்போது காகிதம் தீர்ந்தது. வேடியப்பனின் மனைவி பாஞ்சாலை பிரிண்டரைக் கழற்றி, மடியில் வைத்துப் புதுச் சுருளை மாட்டி, மறுபடி வயரைச் செருகினாள். கர்னல் அலறியது, திரை உறைந்தது, டோக்கன் நின்றது.

“யாரங்கே! மின்சாரத்தைச் சோதியுங்கள்!” என்று கர்ஜித்தான் வீரன். மின்சாரம் குற்றமற்றது. வயரை மாற்றினான், வயரும் உத்தமமே. பழியைப் பாஞ்சாலையின் கைமேல் போட்டான். அவள் விடவில்லை: “நான் இன்னாங்க பண்ணேன்? பேப்பரு தீந்துச்சு, மாத்தி சொருகனேன். இதுக்கா மெஷினு சாவும்?” அணைத்து, கற்பூரம் காட்டி, மறுபடி போட்டான். ஓடியது! அடுத்த சுருள் தீர்ந்ததும் மீண்டும் மாண்டது. எலுமிச்சம்பழம் நறுக்கினான், திருஷ்டி கழித்தான். கர்னல் இவற்றுக்கெல்லாம் இரங்கவில்லை. கையில் செருப்போடு வரிசை சாலைவரை நீள, “தம்பி, ஜனம் ஜாஸ்தி ஆயிட்டே போவுது” என்று வேடியப்பன் முணுமுணுக்க, அதே வரிசையில், தோல் செருப்பைக் கக்கத்தில் இடுக்கியபடி, மாமன் சுப்பிரமணி நின்றுகொண்டிருந்தார். வளவனின் மூக்கில் அப்போதே மல்லாட்டைப் புழுதி ஏறியது.

மீண்டும் கணினியை எழுப்பினான். திரையில் எழுத்துகள் ஓடின. வேலை முடிந்த கட்டளைகளைத் துடைத்துவிட்டேன் என்று கர்னல் ஒரு வரி சொன்னது. நாள்தோறும் பூரித்துப் படித்த வரிதான். இன்றுதான் அதன் பொருள் மண்டையில் இறங்கியது. பிரிண்டரை வாசலில் நின்று வரவேற்கும் கட்டளைக்கும் அல்லவா முத்திரை குத்தியிருந்தான்! பாஞ்சாலை மறுபடி வயரைச் செருகியபோது, பந்தி நடுவே வந்த அந்த விருந்தாளியை அழைக்க ஆளில்லை. ஆள் நின்ற இடமே இல்லை. கர்னல் வெட்டவெளியில் கால்வைத்து விழுந்தது. கண்டுபிடித்தானய்யா மேதை, தன் கையாலேயே வெட்டிய பள்ளத்தை!

வாளுருவினான் வளவன். அந்த ஒற்றை முத்திரையை வெட்டி வீழ்த்தினான். கர்னலை மறுபடி பிசைந்து வார்த்தெடுத்தான். அதுவரை பாஞ்சாலை செருப்புகளைச் சாக்பீஸால் எண்ணிட்டுக்கொண்டிருந்தாள். பின் வளவன், உயிர்த்தெழுந்த கணினியின் முன் மேசைமேல் கையூன்றி, அண்ணாமலையே கேட்கும்படி அறைகூவினான்: “மாந்தரே! யார் வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் கழற்றி மாட்டுங்கள்! இது சாகாது! நான் பொறுப்பு!”

மாமனே முன்வந்தார். பிடுங்கினார், செருகினார், டோக்கன் வந்தது. மீண்டும் பிடுங்கினார், செருகினார், மீண்டும் வந்தது. வரிசையே கைதட்டியது. வளவனின் நெஞ்சு கோபுரமாய் நிமிர்ந்தது. மண்டி ஒழிந்தது, மானம் பிழைத்தது, வெற்றி வெற்றி என்று அவன் உள்ளத்தில் முரசு முழங்க, மாமன் அவன் தோளில் ஓங்கித் தட்டினார்.

“பலே மாப்ள! இது நம்ம மண்டிக்குத்தான் லாயக்கு. மூட்டைக்கு ஒரு சீட்டு ஒட்டிடலாம். புழுதில டெய்லி கழட்டி தொடைச்சிதான் மாட்டணும், அத்தினி பேர் எதிர்ல நீயே பொறுப்புன்னுட்ட. பக்கத்துலயே இருந்து பாத்துக்க.”

திங்கட்கிழமை காலை வளவன் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினான்.