குமிழி நடுவில் நிற்க வேண்டும்

"முட்டை உருளுதாம்," என்றார் முதலாளி நெவில்.

லொரேன் நோட்டைத் திறந்தாள். "எங்க?"

"டெவன்போர்ட்ல. நம்ம ரசமட்டத்தை வெச்சு ஒருத்தர் அலமாரி அடிச்சிருக்கார். முட்டையை வெச்சா நிக்கலையாம். ஒரு டஜன் போச்சுன்னு போன்ல கத்தறார்."

லொரேன் எழுதிக்கொண்டாள். புகார் எழுதுவதற்கென்றே அந்த நோட்டு. பாதி நிரம்பிவிட்டது.

பர்னி என்ற தீவு ஊரில் நெவிலின் தொழிற்சாலை ஐம்பது வருஷமாக ரசமட்டம் ஒன்றைத்தான் செய்துவந்தது. தச்சர், கொத்தனார் கையில் இருக்குமே, நடுவில் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு காற்றுக் குமிழி, அதேதான். மட்டம் பார்க்கும் சாமானைச் செய்கிறவர்களின் சரக்கே மட்டம் என்று ஆகிவிட்டால் எப்படி வெளியே தலைகாட்டுவது?

தலைகாட்டுவது கிடக்கட்டும். சரக்கு முழுவதையும் வாங்குகிற ஹார்ட்வேர் கடைக்காரர்கள் கடிதம் அனுப்பியிருந்தார்கள். விற்றதில் நூற்றுக்கு ஆறு திரும்பி வருகிறது. மூன்று வாரத்தில் அது இரண்டாகக் குறையாவிட்டால் இனி சரக்கு வேண்டாம். அவர்கள் வேண்டாம் என்றால் கதவைப் பூட்டவேண்டியதுதான். உள்ளே முப்பத்து நான்கு பேர் இருந்தார்கள். அந்த ஊரில் வேலை போனவனுக்கு இன்னொரு வேலை என்றால் கப்பலேறி மெல்பர்ன் போகவேண்டும்.

"உன்னைத்தான் லான்செஸ்டனுக்கு ரெண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினேனே," என்றார் நெவில். "ஒரு திட்டம் போடு, லொரேன். உன்னை நம்பித்தான் இருக்கேன்."

அந்த நம்பிக்கைதான் லொரேனுக்குப் பயமாக இருந்தது. பொட்டலம் கட்டும் வேலையில் சேர்ந்து இருபத்தாறு வருஷத்தில் தர அதிகாரி ஆனவள் அவள். பயிற்சியில் ஒரு தடித்த ஃபைலும் ஒரு சுருள் சிவப்பு ஸ்டிக்கரும் கொடுத்திருந்தார்கள். அன்று இரண்டையும் எடுத்தாள்.

முதல் வாரம், சுத்தம். உபயோகம் தெரியாத எதுவும் உள்ளே இருக்கக்கூடாது என்றது ஃபைல். லொரேன் தன் கையாலேயே ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போனாள். பின்னாலேயே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மெர்வ் வந்தார். உடைந்த நாற்காலி, காய்ந்த பெயின்ட் டப்பா, மரத்துண்டுகள், பழைய காலண்டர், கெட்டில்.

"எல்லாத்தையுமா, லொரேன்?" என்றார் மெர்வ்.

"சிவப்பு இருந்தா வெளிய. கேள்வியே கிடையாது."

மெர்வ் சொன்னதைச் செய்கிற மனிதர். சாயங்காலத்துக்குள் எல்லாம் போய்விட்டது. போனதில் அந்தக் கெட்டில் டேரிலுடையதாம்.

டேரில் பரிசோதனை மேஜைக்காரர். பத்தொன்பது வருஷமாக அந்த இரும்பு மேஜையில் ரசமட்டத்தை வைத்துக் குமிழியைப் பார்ப்பார், அப்படியே தலைமாற்றித் திருப்பி வைத்து இன்னொரு தரம் பார்ப்பார். பத்தில் ஒன்றைத்தான் அப்படிப் பார்க்க நேரம் இருந்தது. லொரேன் கடிகாரத்தோடு பக்கத்தில் போய் நின்றாள்.

"திருப்பறதை விட்டுடுங்க, டேரில். ஒரே பார்வை. மிச்சமாகிற நேரத்துல பத்துல ஒண்ணு இல்ல, பத்தையும் பாத்துடலாம்."

"திருப்பிப் பாக்கறதுதானே முறை?"

"ஃபைல்ல இருக்கு. வீண் அசைவு."

"அன்னிக்கு என் கெட்டில் வீண். இப்ப என் கையும் வீணா? நடத்துங்க!"

டேரில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அன்று முதல் எதையும் திருப்பவில்லை. லொரேனோடும் பேசவில்லை.

இரண்டாவது வாரம் நூற்றுக்குப் பதினான்கு திரும்பி வந்தது. அல்வர்ஸ்டனில் ஒருவர் புதுக் குளியல் தொட்டியில் தண்ணீர் விட்டால் அது கால்பக்கமே போய் நிற்கிறதாம்.

"பதினாலா?" நெவில் நாற்காலியில் சரிந்தார். "திட்டம் போடறதுக்கு முன்னாடி ஆறுதானேம்மா இருந்துச்சு?"

"இன்னும் கறாரா இருக்கணும், நெவில். நாம விட்டுக்கொடுக்கறோம், அதான்."

லொரேன் பூதக்கண்ணாடி வாங்கி வந்தாள். குமிழி ஒரு மயிரிழை விலகினாலும் கழித்துவிட வேண்டும். "குமிழி நடுவில் நிற்க வேண்டும்" என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். எழுதிய பேனாவை டேரிலின் மேஜைமேல் வைத்தாள், அது உருண்டு கீழே விழுந்தது. நான்கு நாளாகச் சரியான தூக்கம் இல்லை, கை நிதானம் தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

கழித்தவை மலைபோலக் குவிந்தன. மெர்வ் வந்து நின்றார்.

"இதையெல்லாம் என்ன பண்றது?"

"என் கண்ணுல படக்கூடாது. எங்கயாவது கொண்டுபோங்க."

"சரிம்மா," என்று மெர்வ் சீட்டியடித்துக்கொண்டே அள்ளிப் போனார். அடுத்த நாள் இன்னும் பெரிய தொட்டியோடு வந்தார்.

மூன்றாவது வாரம் முப்பத்தொன்று. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை சாய்ந்து, பிள்ளைகள் தலையைச் சாய்த்தே எழுதிப் பழகிவிட்டார்களாம். லொரேன் டேரிலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆளைப் போட்டாள். அவரும் அதே மேஜையில், அதே பூதக்கண்ணாடியில் பார்த்தார். அவர் தேறியது என்றதை டேரிலும் தேறியது என்றார். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்கிறார்களே என்று லொரேனுக்கு அன்று ஒருநாள் மட்டும் நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கடைக்காரர்களிடமிருந்து போன் வந்தது. நெவில் "சரி", "புரியுது", "சரி" என்று மூன்று முறை சொல்லி வைத்துவிட்டார். பிறகு எல்லாரையும் கூப்பிட்டு, திங்கட்கிழமை வரவேண்டாம் என்றார். சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. டேரில் மூன்று வாரத்துக்குப் பிறகு லொரேனோடு பேசினார். "போயிட்டு வரேன்," என்றார்.

எல்லாரும் போனபின் லொரேன் பரிசோதனை மேஜைக்கு முன்னால் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃபைலில் சொன்ன ஒன்றையும் அவள் விடவில்லை. முப்பத்து நான்கு குடும்பம். எங்கே தப்பு செய்தோம் என்றுகூடத் தெரியாமல் தோற்றதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மெர்வ் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"இந்த நேரத்துல கேக்கக்கூடாது. அந்தக் கழிச்ச ரசமட்டம் இன்னும் மிச்சம் இருக்காம்மா? எங்க ஊரு வின்யார்ட்ல கேட்டு நச்சரிக்கறாங்க."

"கழிச்சதையா?"

"ரெண்டு வாரமா அதைத்தானே வீட்டுக்குக் கொண்டுபோறேன். என் மச்சான் அதை வெச்சுத்தான் வராண்டா போட்டான். கோலிக்குண்டை வெச்சா வெச்ச இடத்துலயே நிக்குது! இது வரைக்கும் ஒண்ணுகூடக் கோணல் இல்ல. கடையில விக்கறதைத்தான் எவனும் தொடமாட்டேங்கறான்."

லொரேன் மெல்ல எழுந்தாள். பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அது உருண்டது. மறுபடி வைத்தாள். அதே பக்கம் உருண்டது. விழப்போனதை மெர்வ் பிடித்துக் கொடுத்தார்.

"மெர்வ்," என்றாள். "இந்த மேஜை எப்ப இருந்து சாயுது?"

மெர்வ் குனிந்து மேஜையின் கால்களைப் பார்த்தார்.

"இந்தக் காலுக்கு அடியில ஒரு மரத்துண்டு இருந்துச்சே... மொத வாரம் அதுக்கு நீங்கதானேம்மா சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினீங்க?"