தொப்பி இல்லாமல் சல்யூட் கிடையாது

"பல்லால கடிச்சு இழுத்தா பல்லுதாங்க கையோட வரும். பின்னு வராது."

யாரும் கேட்கவில்லை. தியேட்டரில் விளக்கு அணைந்து, கதாநாயகன் பாறைக்குப் பின்னால் குப்புறப் படுத்து, கையெறி குண்டின் வளையத்தைப் பல்லில் கவ்வி, பால்கனி முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தில், உங்கள் பக்கத்து நாற்காலியிலிருந்து இந்தப் பதில் வரும். திரும்பிப் பார்க்காதீர்கள். பார்த்தால் நீங்கள்தான் கேட்டதாக ஆகிவிடும். அப்புறம் அந்த வளையம் எவ்வளவு இறுக்கமாக இருக்கும், அதை விரலில் மாட்டி எப்படித் திருக வேண்டும், திருகியவன் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் இடைவேளை வந்துவிடும்.

இவர்தான் லாஜிக் பார்ப்பவர். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன், லாஜிக் என்றால் தமிழில் என்ன என்று கேட்காதீர்கள். அது இடிக்கும் என்பது மட்டும் தெரியும். "லாஜிக் இடிக்குது" என்று இவர் ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்கிறார்.

எல்லாப் படத்திலும் இடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். பேய்ப் படத்தில் பேய் மின்விசிறியில் தலைகீழாகத் தொங்கினால் இவருக்கு ஆட்சேபணை கிடையாது. பேய் அப்படித்தான் தொங்கும் என்பார். பாட்டில் நாயகி பாலைவனத்துக்கும் பனிமலைக்கும் நடுவே ஏழு சேலை மாற்றினாலும் பேசாமல் பார்ப்பார். ஆனால் திரையில் ராணுவ உடுப்பு ஒன்று தெரிந்துவிட்டால் போதும், சாய்ந்திருந்த முதுகு நிமிர்ந்துவிடும். பாப்கார்ன் அடுத்தவர் மடிக்குப் போய்விடும். கை இரண்டும் காலியாக வேண்டும் அவருக்கு. விரலை மடக்கித் தோட்டா எண்ணுவதற்கு.

இந்த இனத்தில் இரண்டு வகை. ஒன்று, பட்டாளத்தில் இருந்தவர். இன்னொன்று, பட்டாளத்தில் இருந்தவருடைய கார்டில் மிலிட்டரி கேன்டீனில் பிரஷர் குக்கர் வாங்கியவர். இரண்டாம் வகைதான் அதிகம் பேசும். தில்லை நகரில் பல் டாக்டருக்காகக் காத்திருக்கும்போது அப்படி ஒருவரிடம் மாட்டி, எல்லைப் பாதுகாப்பைப் பற்றி இரண்டு மணி நேரம் கேட்டேன். குக்கர் இன்னும் நன்றாக உழைக்கிறதாம்.

எனக்கு வாய்த்தவர் முதல் வகை. பெயர் அடைக்கலம். பட்டாளத்தில் லாரி ஓட்டி, ஹவில்தாராக ஓய்வு பெற்று, பொன்மலைப்பட்டியில் வீடு கட்டிக்கொண்டவர். என் மகள் யமுனாவை இவர் மகன் வளவனுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். வளவனும் பட்டாளத்தில்தான் இருக்கிறான், எங்கேயோ வடக்கே ஒரு மலை உச்சியில். ஆக, இவர் எனக்குச் சம்பந்தி. தியேட்டரில் எழுந்து வேறு நாற்காலிக்குப் போக முடியாத உறவு.

கல்யாணமான புதிதில் மரியாதைக்காக ஒரு படத்துக்குக் கூட்டிப்போனேன். கதாநாயகனுக்குத் தோளைத் தொடுகிற முடி. "இந்த முடியோட கேட்டுக்குள்ளயே விடமாட்டான்" என்றார். ஹெலிகாப்டருக்குள் உட்கார்ந்து இரண்டு பேர் ரகசியம் பேசினார்கள். "அதுக்குள்ள கத்துனாலே காது கேக்காது சம்பந்தி, இவனுங்க குசுகுசுன்னு பேசறானுங்க" என்றார். பனிமலையில் படை ஏறியது. "மூச்சு விட்டா வாயிலேந்து புகை வரணும். ஒருத்தனுக்காவது வருதா பாருங்க" என்றார். பார்த்தேன். வரவில்லை. அதோடு என் படமும் போயிற்று. அதற்கப்புறம் கதையையா பார்த்தேன்? எல்லார் வாயையும்தான் பார்த்தேன்.

பின்வரிசையில் இருந்த பையன் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"பெருசு, நாங்க டிக்கெட் எடுத்திருக்கோம்."

"நானும்தான் தம்பி எடுத்திருக்கேன். அதான் பாக்கறேன்."

"அப்ப வாயை மூடிட்டுப் பாருங்க."

"முப்பது தோட்டா சுட்டாச்சு தம்பி. இன்னும் மேகசின் மாத்தல. நீ எண்ணலையா?"

பையன் எண்ணவில்லைதான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். அவனும் விரலை மடக்கிக்கொண்டிருந்தான். இது தொற்றும்.

எதிரி முகாமைத் தாக்குகிற காட்சிதான் அந்தப் படத்தில் பெரிய காட்சி. டார்ச் வெளிச்சம், நெருப்பு, ஓட்டம். அடைக்கலம் மட்டும் முன்னால் குனிந்து கண்ணைச் சுருக்கினார். "இது நம்ம ஊருப் பச்சைமலை" என்றார். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர் என்று எழுத்துப் போட்டிருந்தார்களே என்றேன். "கூடாரத்துக்குப் பின்னாடி பாருங்க. மரவள்ளிக்கெழங்கு நிக்குது. அங்க ஏது கெழங்கு?" அடுத்து நதியைக் கடந்தார்கள். மதகை வைத்து அதை முக்கொம்பு என்று கண்டுபிடித்தார். அதற்கு முந்தின வருசம் நாங்கள் குடும்பத்தோடு புளிசாதம் சாப்பிட்ட இடத்தில் பயங்கரவாதி ஒருவன் செத்து மிதந்தான்.

கடைசியில் கதாநாயகன் வெறுந்தலையோடு நின்று, கொடியைப் பார்த்து விறைப்பாகக் கையை நெற்றிக்குக் கொண்டுபோனான். தியேட்டரே எழுந்து நின்றது. என் சம்பந்தி எழவில்லை.

"தொப்பி இல்லாம சல்யூட் கிடையாது" என்றார். "அட்டென்ஷன்ல நிக்கலாம். அவ்வளவுதான். சல்யூட்டுன்னா தலையில தொப்பி இருக்கணும்."

அழுதுகொண்டிருந்த என் மனைவி செல்லக்கிளி, அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அதன்பின் அவள் அவரோடு படத்துக்கு வந்ததில்லை.

படத்தோடு நின்றால் பரவாயில்லை. யமுனாவுக்குப் பையன் பிறந்தான். எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டில்தான் தாயும் பிள்ளையும். அவனைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை எங்கேயோ போய்விடும், அதனால் ஒன்றே ஒன்று. பிறந்த மறுவாரமே அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். தெருவில் எல்லாரிடமும் சொன்னேன், எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பூக்காரம்மா ஒரு முழம் பூ சும்மா கொடுத்தாள். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் தினமும் பேரனைப் பார்க்க வருகிற அடைக்கலத்திடமும் சொன்னேன்.

"வாயு" என்றார்.

"என்னைப் பார்த்துச் சிரிச்சான் சம்பந்தி."

"அந்த வயசுல ஒரு முழத்துக்கு அப்பால கண்ணே தெரியாது. நீங்க எங்க நின்னீங்க?"

"கதவுகிட்ட."

"லாஜிக் இடிக்குது."

அன்றைக்கு அவருக்குக் காபியில் சர்க்கரை போட வேண்டாம் என்று செல்லக்கிளியிடம் சொன்னேன். அவள் அதற்கு முன்பே போடவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு வாரம் வளவனிடமிருந்து போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறவன். டிவியில் வடக்கே பனி கொட்டுகிறது என்று காட்டினார்கள், வேறு ஒன்றும் சொல்லவில்லை. யமுனா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ரிமோட்டை எடுத்து, ஒரு ராணுவப் படத்தைப் போட்டாள்.

"பச்ச உடம்புக்காரி, இதெல்லாம் பாக்கக் கூடாதுடி. மாத்துடி" என்றாள் செல்லக்கிளி.

"அங்க எப்படித்தாம்மா இருக்கும்னு பாக்கறேன். போன்ல கேட்டா 'நல்லா இருக்கேன்'னு மட்டும்தான் சொல்றாரு."

அடைக்கலம் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

முதல் சிப்பாய் விழுந்தான். "தொடையிலதான் பட்டிருக்கு. சாக மாட்டான்ம்மா. கட்டுப் போட்டு ஹெலிகாப்டர்ல தூக்கிட்டுப் போயிருவாங்க" என்றார். இரண்டாமவன் விழுந்தான். "இவ்வளவு பக்கத்துலேந்து சுடற அளவுக்கு எதிரியை வரவே விடமாட்டாங்க. சும்மா எடுத்திருக்கான்" என்றார். மூன்றாமவனுக்குக் குண்டு நெற்றிக்கு நடுவில். யமுனாவின் கை குழந்தையின் முதுகில் தட்டுவதை நிறுத்திவிட்டது.

"உரசிட்டுப் போயிருக்கு" என்றார் அடைக்கலம். "எந்திரிச்சிருவான்."

அவன் எழுந்திருக்கவில்லை. பெட்டியில் வைத்துக் கொடி போர்த்தினார்கள்.

"டைரக்டர் தப்பு" என்றார்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். தோட்டா எண்ணுகிற மனுசன், வாயில் புகை வருகிறதா என்று பார்க்கிற மனுசன், நெற்றியில் குண்டு பட்டவன் எழுந்துவிடுவான் என்கிறார். விரல்கள் மடியில் சும்மா கிடந்தன. அன்றைக்கு அவர் ஒரு தோட்டாவைக்கூட எண்ணவில்லை.

நடுவில் ஒரு சின்னக் காட்சி. கூடாரத்துக்குள் நாலைந்து சிப்பாய்கள், தட்டில் ரொட்டியும் பருப்பும் வைத்துக்கொண்டு, ஒருவனைக் கேலி செய்து சிரிக்கிறார்கள். படமெடுத்தவரே கவனமில்லாமல் எடுத்த மாதிரி இருந்தது.

"இது சரி" என்றார் அடைக்கலம்.

இத்தனை வருசத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. யமுனாவும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப இதுதான் நிசமா மாமா?"

"இதான்ம்மா நெறய. சாப்பிடறது, தூங்கறது, சாக்ஸைக் காய வைக்கறது, யாரையாவது ஓட்டறது. நாள் பூரா அதுதான். அதைக் காட்டினா டிக்கெட் விக்காதுன்னு மத்ததெல்லாம் போடறான்."

"சாப்பாடு நல்லா இருக்குமா?"

"ஏ ஒன். வளவன் இப்ப தட்டோட உக்காந்து எவனையோ ஓட்டிக்கிட்டிருப்பான்."

யமுனா படத்தை நிறுத்தினாள். மத்தியானம் வேண்டாம் என்று ஒதுக்கிய பூண்டுக் குழம்புச் சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அடைக்கலம் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று கொல்லைப்பக்கம் போனார். அவர் எதையும் சாப்பிட்டிருக்கவில்லை. ரொம்ப நேரம் ஆகிறதே என்று எட்டிப் பார்த்தேன். துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்று, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, சிக்னல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ரீரங்கத்தில் சிக்னலுக்கு என்ன குறை? அங்கே வளவன் இருக்கிற இடத்தில் இல்லையென்றால் இங்கே கல்லின் மேல் ஏறி என்ன பயன்?

லாஜிக் இடித்தது. நான் சொல்லவில்லை. காபியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடச் சொன்னேன்.

இன்று காலையில் போன் வந்தது. வீடியோ கால். பனியில் டவர் படுத்துவிட்டதாம், இப்போதுதான் நிமிர்த்தினார்களாம். வளவன் நன்றாக இருக்கிறான், உதடு மட்டும் வெடித்திருக்கிறது. அடுத்த மாதம் லீவு. அவன் மகனை இன்னும் நேரில் பார்க்கவில்லை. அடைக்கலம் பேரனைத் தூக்கி போனுக்கு எதிரே பிடித்தார். பிள்ளை கையை அப்படியே உயர்த்திக் காதுப் பக்கம் கொண்டுபோனான்.

"சல்யூட் அடிக்கறான்" என்றார் அடைக்கலம். "அப்பனுக்கு சல்யூட் அடிக்கறான் பாருங்க."

இந்த இடத்தில் உங்கள் புருவம் லேசாக உயர்ந்ததா? இரண்டு மாதக் குழந்தை, காதில் அரித்திருக்கும், கை தானாகப் போயிருக்கும் என்று உதட்டுக்குள் ஒன்று புரண்டதா? அப்படியென்றால் ஜாக்கிரதை. நீங்களும் அந்த இனம்தான். அடுத்த ராணுவப் படத்துக்குப் போகும்போது ஓர நாற்காலியாகப் பார்த்து எடுங்கள், பக்கத்தில் இருப்பவராவது படம் பார்க்கட்டும்.

உங்களைச் சொல்லிவிட்டு நான் தப்பிக்கவில்லை. காலையில் எனக்கும் வாய் அரித்தது. கதவருகில் நின்று நான் பார்த்த சிரிப்பை வாயு என்று சொன்ன மனுசன் அல்லவா, விடலாமா?

"தொப்பி இல்லாம சல்யூட் கிடையாதுன்னு சொன்னீங்களே சம்பந்தி" என்றேன்.

அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மலையில் குளிருக்கு வளவன் போட்டிருந்த கம்பளிக் குல்லாவைப் பார்த்தார். கொள்ளிடத்துக் காற்று காதில் படக் கூடாது என்று செல்லக்கிளி பிள்ளைக்கு மாட்டிவிட்டிருந்த குல்லாவைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும்தான் குல்லா போட்டிருக்காங்களே சம்பந்தி. எல்லாம் முறைப்படிதான்."