சர்க்கரைக் கிண்ணத்தில் சிர்க்கோனியம்

சாமிக்கு முன்னால் எதை வேண்டுமானாலும் கொண்டுபோய் வைக்கலாம். ஆனால் அர்ச்சனைத் தட்டில் போன பொருள் திரும்பி வரும்போது பிரசாதமாகத்தான் வரும். அப்புறம் அது நமக்கு மட்டும் சொந்தமில்லை. வேதியியலில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த எனக்கு இந்தச் சின்ன விஷயம் என் நிச்சயதார்த்தத்தன்றுதான் புரிந்தது.

அப்போது நான் திருப்பதியில் ஆராய்ச்சி மாணவி. உலோக-கரிமச் சட்டகங்கள் செய்வது என் வேலை. கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறார்களே, அதைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முடிச்சு விழும் இடங்களில் சிர்க்கோனியம், கம்புகளாகக் கரிம மூலக்கூறுகள், நடுவில் எல்லாம் காலி இடம். போர் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு அந்தக் காலி இடத்தில் வந்து மாட்டிக்கொள்ள வேண்டும், சட்டகம் மட்டும் தண்ணீரில் கரையவே கூடாது. என் ஆராய்ச்சியின் உயிரே அதுதான். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

நகரியில் தறி ஓட்டும் என் நைனா இதையெல்லாம் ஒரே வரியில் முடித்துவிடுவார். "எம் பொண்ணு திருப்பதியில இன்னாமோ உப்பு காய்ச்சிக்கினு இருக்குது."

காய்ச்சிய உப்பு எப்போதும் மாவாகவே வந்தது. மாவை வைத்துக்கொண்டு உள்ளே எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு முழுசாக ஒரு நல்ல படிகம் வேண்டும், அதை எக்ஸ்ரே கருவியில் வைக்க வேண்டும். அது கிடைக்காமல் ஆய்வேட்டைக் கையால் தொடமாட்டேன் என்று என் கைடு சொல்லிவிட்டார். ரெண்டு வருஷம் அடுப்பும் நானுமாகக் கிடந்த பிறகு, ஒருநாள் குப்பியின் அடியில் ஒரு சிட்டிகை படிகம் பளபளத்தது. குட்டிக் குட்டியாக, வெள்ளையாக, பார்ப்பதற்கு அசல் சர்க்கரை.

சென்னையில் திங்கட்கிழமை எக்ஸ்ரே கருவி எனக்கு ஒதுக்கப்பட்டது. அதை விட்டால் மறுபடி எப்போது என்று யாருக்கும் தெரியாது. வீட்டிலோ ஞாயிற்றுக்கிழமை காணிப்பாக்கத்தில் எனக்கு நிச்சயதார்த்தம் வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். சரி, நிச்சயத்தை முடித்துக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிடலாம் என்று குப்பியைக் கையோடு கொண்டுபோனேன்.

அங்கேதான் என் அறிவு வேலை செய்தது. சடங்குக்கு முன் சந்நிதிக்குப் போனபோது, தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் நடுவில் குப்பியையும் வைத்துவிட்டேன். 'பிள்ளையாரப்பா, நல்ல ஸ்ட்ரக்சரா வரணும்.' ஐயர் ஒன்றும் கேட்காமல் மந்திரம் சொல்லித் திருப்பித் தந்தார். மண்டபத்தில் தட்டைச் சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டுப் புடவை மாற்றப் போனேன்.

தாம்பூலம் மாற்றினார்கள். எல்லோரும் வாயை இனிப்பாக்கிக்கொள்ள மாப்பிள்ளை வீட்டு வெள்ளிக் கிண்ணத்தில் சர்க்கரை வந்தது. அப்போதுதான் அர்ச்சனைத் தட்டைப் பார்த்தேன். குப்பி காலி.

"சின்னம்மா, இதுல இருந்தது எங்க?"

"சாமி சக்கரைதானே? கிண்ணத்துல கலந்துட்டேன். எல்லாரும் ஒரு வாய் துன்னட்டுமே."

நிமிர்ந்தேன். முதல் சிட்டிகை வருங்கால மாமியாரின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. புத்தியுள்ள பெண்ணாக இருந்தால் பக்கத்தில் போய்க் காதில் சொல்லியிருப்பாள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன்.

"துப்புங்க!"

மேளம் நின்றது.

"துப்புங்க அத்தை! முழுங்காதீங்க!"

பாவம், அவர் கைக்குக் கிடைத்தது மகனின் புதுத் துண்டுதான். அதிலேயே துப்பினார். "விஷமா?" என்று மாப்பிள்ளையின் மாமா எழுந்தார்.

"விஷம் இல்ல" என்றேன். (இதோடு நிறுத்தியிருக்கலாம்.) "இருக்காதுன்னு நினைக்கிறேன். இன்னும் டெஸ்ட் பண்ணல."

சர்க்கரையைத் தொடாதவர்களும் சேர்ந்து பாதி மண்டபம் குழாயடிக்கு ஓடியது. "இன்னா சம்மந்தி, உப்பு காய்ச்சறான்னு சொன்னீங்களே!" என்று மாமா கத்த, என் நைனா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டிய நான் என்ன செய்தேன் தெரியுமா? கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு "என் கிரிஸ்டல் போச்சே" என்று ஓவென்று அழுதேன்.

மாமியார் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். துண்டை மடித்து என் கையில் கொடுத்தார். "இதுல எதுனா ஒட்டிக்கினு இருந்தா எடுத்துக்கம்மா. அழுவாத."

மாப்பிள்ளை எப்படியிருந்தாலும் சரி, இந்த மாமியாரை விடக்கூடாது என்று அந்த நொடியில் முடிவு செய்தேன்.

வெள்ளிக் கிண்ணத்தோடு பஸ் ஏறினேன். மாப்பிள்ளையும் வந்தார். (கிண்ணத்துக்குத் துணையா, எனக்குத் துணையா என்று இன்றுவரை சொல்லவில்லை.) சென்னையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டி, விளிம்பு கூராக, கண்ணாடி மாதிரி இருந்த படிகத்தை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கருவிக்காரர் திரும்பினார்.

"மேடம், ரொம்ப அருமையான கிரிஸ்டல். காபியில போட்டுக் குடிக்கலாம்."

அடுத்ததும் சர்க்கரை. அதற்கடுத்ததும் சர்க்கரை. மதியத்துக்குள் கருவியை அடுத்தவருக்கு விட வேண்டும். எனக்கு மறுபடி கண் கலங்கியது. மாப்பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு டம்ளரை நீட்டினார்.

"தண்ணி குடிங்க. அழாதீங்க."

டம்ளரைப் பார்த்தேன். தண்ணீரைப் பார்த்தேன். தண்ணீரில் கரையாத பொருளைச் செய்ய ரெண்டு வருஷம் செலவழித்தவள் நான். குடிக்கவில்லை. கிண்ணத்தில் ஊற்றிக் கலக்கினேன். சர்க்கரை கரைந்து போனது. அடியில் என் படிகங்கள் ஒன்றுமே நடக்காததுபோல் படுத்திருந்தன. அவற்றில் ஒன்று கருவியில் ஏறியது, ஸ்ட்ரக்சர் வந்தது. கைடும் ஆய்வேட்டைத் தொட்டார்.

போன மாதம் எங்கள் பெண்ணுக்குக் காதுகுத்து, அதே காணிப்பாக்கத்தில், அதே வெள்ளிக் கிண்ணம். சர்க்கரையை எடுத்த கையோடு மண்டபமே அப்படியே நின்று என்னைப் பார்த்தது.

"ஏம்மா," என்றார் மாமியார், "துன்னலாமா, துப்பணுமா?"

"துன்னுங்க அத்தை."

எல்லோரும் வாயில் போட்டுக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் போடவில்லை. எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, தன் பங்கை அதில் போட்டுக் கலக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் குடித்தார்.